பதினாலாம் நம்பர் வீட்டின் நிழல்

சரிகைக்காரத் தெருவில் பதினாலாம் நம்பர் வீட்டை இடித்து முடித்து, கடைசி லாரி மண்ணும் போய்விட்ட மறுநாள் காலை ஏழே காலுக்கு, அந்த வீட்டின் நிழல் வழக்கம்போல வந்து தெருவில் விழுந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக நின்ற ஐந்து சுண்ணாம்புக் கலசங்கள், அவற்றில் மூன்றாவதின் உடைந்த மூடி, மாடித் தாழ்வாரத்து இரும்புக் கிராதியில் ஓடிய கொடி வேலைப்பாடு, மொட்டைமாடிக் கயிற்றில் யாரோ எடுக்க மறந்த துண்டு, அத்தனையும் ஒன்று குறையாமல் எதிர்வரிசைச் சுவர்வரை நீண்டு படுத்துக்கொண்டன. கிழக்கே வீடு இருக்கவேண்டிய இடத்தில் ஆகாயம்தான் இருந்தது. ஆகாயத்துக்குக் கீழே ப்ரமோட்டர் அடித்த நீலத் தகர வேலி. வேலிக்குள் இரண்டு நாய்கள். வேலியின் நிழலும் நாய்களின் நிழலும் எங்கே என்று கேட்டால், அவை வீட்டின் நிழலுக்குள் போயிருந்தன, வீட்டுக்குள் நாய் போவதுபோல.

முதலில் பார்த்தவள் இஸ்திரி போடும் கன்னியம்மா. பத்தொன்பது வருஷமாக அந்த நிழலில் வண்டியை நிறுத்துகிறவள், இனி வேறு இடம் தேடவேண்டுமே என்று சலித்துக்கொண்டே வண்டியைத் தள்ளி வந்தாள். நிழல் இருந்தது, நிறுத்தினாள், கரியைப் போட்டு விசிறினாள், முதல் சட்டையை உதறி விரித்தாள். பத்து மணிவரை யாரிடமும் அதைப் பற்றி அவள் பேசவில்லை, பேசுவதற்கு ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர்தான் சைக்கிளை நிறுத்தி, மேலே பார்த்து, கீழே பார்த்து, மறுபடி மேலே பார்த்து, "இன்னாக்கா, வூடு இல்ல, நெழலு கீது?" என்று கேட்டார். "வூட்டுக்குள்ள நான் என்னிக்குப் போனேன்? எனக்கு வேண்டியது நெழலு, அது கீது" என்றாள் கன்னியம்மா, காலரைத் திருப்பிப் போட்டபடி.

அந்தப் பதிலே தெருவுக்குப் போதுமானதாக இருந்தது. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடையில், மீன்பாடி வண்டிகளும் காகித மூட்டைகளும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போகும் அந்தச் சந்தில், காலை வேளையில் நிழல் என்பது சும்மா கிடைக்கிற பொருள் இல்லை. ஒரு வாரத்துக்குள் பள்ளிக்கூட வேன் அதில் நின்றது, வஞ்சிர மீன்காரி கூடையை இறக்கி அதில் பேரம் பேசினாள், மூட்டை தூக்குகிறவர்கள் மாடித் தாழ்வாரம் விழுந்த இடம்தான் இருப்பதிலேயே குளுமை என்று கண்டுபிடித்து அங்கே உட்கார்ந்து சோறு தின்றார்கள். முதல் கலசத்தின் நுனி சாக்கடை மூடியைத் தொட்டால் மணி ஒன்பது என்று ஆயிற்று. மாநகராட்சியில் பெருக்குகிற அம்மாள் நிழலின் வாசல்படியில் கொஞ்சம் அதிக நேரம் பெருக்கினாள், ஏனென்று கேட்டால் வாசல் அல்லவா என்றாள். ஒரு தொலைக்காட்சிக்காரர் கேமராவோடு வந்து அரை மணி படம் எடுத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, நிழல் நிழல் மாதிரிதானே இருக்கிறது, இதில் என்ன செய்தி என்று கோபித்துக்கொண்டு போனார். இது எதனால் என்று தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை; நூற்று இருபது வருஷம் தினமும் வந்த வேலைக்கு ஒருவர் திடீரென்று வராமல் நின்றுவிட முடியுமா என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாதது மாசிலாமணிக்கு மட்டும்தான். அந்த வீட்டை விற்றவர் அவர்.

பக்கத்துத் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருப்பவர், ஐம்பத்திரண்டு வயது, பிறந்தது, தாலி கட்டியது, பிள்ளையைப் பெற்றது எல்லாம் பதினாலாம் நம்பரில். ஒவ்வொரு ஐப்பசிக்கும் மேல்தளம் ஒழுகி, ஒழுகிய இடத்தில் பாத்திரம் வைத்து, வைத்த பாத்திரம் நிரம்பும்வரை விழித்திருந்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைக்காமல் சிமெண்டைப் பூசி, பூசிய சிமெண்ட் அடுத்த மழையில் தோசைபோலப் பெயர்ந்து விழ, ஒருநாள் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். கொளத்தூரில் மூன்றாம் மாடியில் ஃபிளாட். ஒழுகவில்லை. லிஃப்டும் இல்லை. அவர் மனைவி சொர்ணாம்பாள் முழங்கால் வலிக்காகத்தான் பழைய வீட்டின் மரப்படிகளை விட்டு வந்தவள். இப்போது ஐம்பத்து நாலு சிமெண்ட் படி ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி, தன் புருஷனின் புத்திசாலித்தனத்தை ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தையாகச் சொல்லி முடிப்பாள். கதவு, ஜன்னல், தேக்கு உத்தரம் எல்லாம் பழைய மரக்கடைக்குப் போய்விட்டன. சாவி மட்டும் எப்படியோ மாசிலாமணியின் அரைஞாண் கயிற்றிலேயே தங்கிவிட்டது, ஒரு சாண் நீளம், கால் கிலோ எடை. கதவில்லாத சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிற மனுஷனை என்ன செய்ய என்று சொர்ணாம்பாள் கேட்பாள். அவிழ்த்தால் வேட்டி நிற்கமாட்டேன் என்கிறது என்பார் அவர்.

தினமும் காலையில் பஸ் பிடித்து வந்து, கடையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அந்த நிழலில், தன் படுக்கையறை விழுந்திருக்கும் இடமாகப் பார்த்து உட்காருவார். யாரும் போகச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

பேசாமல் இருந்தவர்களில் முக்கியமானவர் பதினாறாம் நம்பர் ஹபீபா டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாசிலாமணியின் வீடும் அவர் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டவை; இடித்த பிறகு அந்தச் சுவர் வெட்டவெளியில் நின்றது, மாசிலாமணி அடித்த வெளிர்பச்சை பெயிண்ட்டும், அவர் கண்ணாடி மாட்டிய ஆணியும், சொர்ணாம்பாள் விளக்கு ஏற்றிய மாடத்துக் கரியும் அப்படியே தெரிய. சரிகைக்காரத் தெருவின் கிழக்கு வரிசையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று டீச்சர் இரண்டு வருஷம் அலைந்திருந்தார். மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம் எத்தனை, வாசல் நிலைக்கு மேலே சிவப்பும் பச்சையுமாக வண்ணக் கண்ணாடி எத்தனை, கிராதி எந்த வருஷத்தது என்று வீடு வீடாக எழுதி, படம் எடுத்து, ஒரு தலையணை கனத்துக்குக் கோப்பு சேர்த்திருந்தார். பாரம்பரியக் குழுவின் விதி ஒன்றே ஒன்றுதான் கறாரானது: இடையில் விடுபடாமல் ஏழு பழைய வீடுகள் தொடர்ந்து இருக்கவேண்டும். கிழக்கு வரிசையில் எல்லாம் இரட்டைப்படை எண்கள், எட்டாம் நம்பரிலிருந்து இருபதாம் நம்பர்வரை எண்ணினால் சரியாக ஏழு. பதினாலு நட்டநடு.

டீச்சர் விண்ணப்பத்தில் முத்திரை வாங்க வரிசையில் நின்ற அதே செவ்வாய்க்கிழமை, மாசிலாமணி பத்திரப் பதிவு அலுவலக வரிசையில் நின்றார். சாயங்காலம் விஷயம் தெரிந்து டீச்சர் வாசலில் வந்து நின்றபோது, மாசிலாமணி கேட்டார்: "ஆறு வீடு போதாதா டீச்சர்?"

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு எல்லாம் கன்னியம்மா வழியாக. கன்னியம்மா, கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறவரைக் கொஞ்சம் மடக்கச் சொல்லு. கன்னியம்மா, டீச்சர்கிட்ட மடக்கிட்டேன்னு சொல்லு. இரண்டு பேருக்கும் நடுவே மூன்று அடிகூட இருக்காது. ஆனாலும் கன்னியம்மா ஒவ்வொன்றையும் ஒழுங்காகத் திருப்பிச் சொல்வாள், சில சமயம் தன் பங்குக்கு ஒன்றிரண்டு சேர்த்தும்.

ப்ரமோட்டர் கஜபதி கெட்ட மனுஷன் இல்லை, ஆறு மாடி கட்டுகிறவர், அவ்வளவுதான். நிழலைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டார், கூலியாட்களுக்குப் பந்தல் போடவேண்டாம் பாருங்கள் என்று. பிறகு நான்கு தூண் எழுப்பினார், தூண்களின் நிழல் போய் பழைய நிழலுக்குள் புகுந்துகொண்டது. ஆறு மாடியின் படம் போட்ட பெரிய பேனர் கட்டினார், பேனருக்கு நிழலே விழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிளாட் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. புருஷன் பேனரைப் பார்த்துக்கொண்டிருக்க, பெண்சாதி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கலசங்களை, கிராதியை, வாசல்நிலைக்கு மேலே விழுந்திருந்த சிவப்பும் பச்சையுமான வெளிச்சத்தை எல்லாம் நடந்து நடந்து பார்த்துவிட்டு, "கீழே இருக்கிற வீடு நல்லா இருக்கே, அதையே கட்டித் தரமாட்டீங்களா?" என்று கேட்டாள். கஜபதி நேராக வக்கீலிடம் போனார். வக்கீல் கிரயப் பத்திரத்தை வரி வரியாகப் படித்தார். மனை, கட்டிடம், கிணறு, மாவடை மரவடை, நிதி நிட்சேபம், ஜல தரு பாஷாணம் என்று பத்திரம் எழுதுகிறவர்கள் வழிவழியாக எழுதுகிற எல்லாம் இருந்தது. நிழல் இல்லை. அதை நீங்கள் வாங்கவில்லை, அவரும் விற்கவில்லை, ஆகையால் அது யாருடையது என்று நான் சொல்வதற்கில்லை என்றார் வக்கீல்.

இது தெருவுக்குத் தெரிந்த அன்றே டீச்சர் கோப்பை மறுபடி எடுத்தார். ஏனென்றால் அதற்குள் மாநகராட்சியிலிருந்து வேறொரு கடிதமும் வந்திருந்தது: நடு வீடு போனதால் இரண்டு பக்கத்துச் சுவர்களுக்கும் பிடிமானம் இல்லை, மழைக்காலத்துக்குள் பட்டியலில் சேர்ந்து பாதுகாப்பு வேலை தொடங்காவிட்டால் பன்னிரண்டையும் பதினாறையும் ஆபத்தான கட்டிடம் என்று இறக்கவேண்டியிருக்கும். பன்னிரண்டைச் சிங்கப்பூரிலிருக்கும் சொந்தக்காரர் விலை பேசத் தொடங்கிவிட்டார். பதினாறில் டீச்சரைத் தவிர யாரும் இல்லை. டீச்சர் தன் முத்துமுத்தான எழுத்தில் கோப்பில் ஒரு தாள் சேர்த்தார்: "கதவு எண் 14. தற்போது நிழலாக உள்ளது. அளவுகள் இணைப்பில்." அளந்தது நிஜம்தான். காலை எட்டரைக்கு நிழல் எத்தனை அடி, பக்கத்து வெயிலில் நட்ட குச்சி எத்தனை அடி, குச்சியின் நிழல் எத்தனை அடி என்று மூன்றையும் வைத்து எட்டாம் வகுப்புக் கணக்கில் வீட்டின் உயரத்தைக் கண்டுபிடித்திருந்தார். குழுவிலிருந்து பதில் வந்தது. நேரில் வந்து பார்க்கிறோம், சித்திரை பதினொன்று, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை.

கன்னியம்மா கடிதத்தைக் கொண்டுவந்து மாசிலாமணியிடம் நீட்டினாள், டீச்சர் காட்டச் சொல்லவில்லை, காட்டவேண்டாம் என்றும் சொல்லவில்லை என்ற விளக்கத்தோடு. அவர் படித்தார். முப்பது வருஷம் பத்திரிகை அடித்த கண் முதலில் கிழமைக்குப் போயிற்று, பிறகு நேரத்துக்கு, உடனே முகம் வெளுத்தது.

"வெள்ளிக்கிழமை பத்தரை. ராகுகாலம் ஆரம்பிக்கிற நேரம்."

இந்த ஒன்றில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவர் கடையில் அடித்த பத்திரிகைகளில் மணமகன் பெயர் தப்பியிருக்கிறது, மண்டபம் தப்பியிருக்கிறது, ஒருமுறை மணமகள் இடத்தில் மாமியார் பெயர்கூட வந்திருக்கிறது. நேரம் மட்டும் தப்பியதில்லை. தெரு கூடிப் பேசியது. வெள்ளிக்கிழமை ராகுகாலத்தில் வந்து பார்த்த பெண் எந்த வீட்டில் நிலைத்திருக்கிறாள் என்று எட்டாம் நம்பர்காரர் கேட்டார், வருகிறவர்கள் பெண் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. டீச்சர், கன்னியம்மா வழியாக, ராகுவுக்கும் எனக்கும் எந்தக் காலத்திலும் தகராறு இருந்ததில்லை, தெருவுக்கு அப்படி ஆசையென்றால் மாற்றிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார். மாசிலாமணி அன்றே பஞ்சாங்கத்தைப் பிரித்தார். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடிகிறது. அதையடுத்து அபிஜித் முகூர்த்தம், நட்சத்திரம் சரியில்லை என்றாலும் லக்னம் சரியில்லை என்றாலும் எந்தக் காரியத்தையும் தூக்கி நிறுத்துகிற முகூர்த்தம், நாள் கிடைக்காத எத்தனையோ ஜோடிகளை அவர் அதில்தான் கரையேற்றியிருக்கிறார். பன்னிரண்டு மணி ஐந்து நிமிஷம் என்று குறித்தார். சும்மா மனு எழுத மனசு வராமல் பத்திரிகையே அடித்துவிட்டார், இளமஞ்சள் அட்டையில், தங்க எழுத்தில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி: நிகழும் மங்களகரமான ஆண்டு சித்திரைத் திங்கள் பதினொன்றாம் நாள் சரிகைக்காரத் தெரு ஏழு வீடுகளையும் பார்வையிட்டு ஆசீர்வதிக்க வேணுமாய்.

குழுவின் தலைவி இன்பரசி என்கிற அதிகாரி. மாசிலாமணி நேரில் கொண்டுபோய் நீட்டிய அந்தப் பத்திரிகையை அவர் வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் போகிற இடத்தில் கதவைச் சாத்துவார்கள், நாயை அவிழ்த்து விடுவார்கள், பத்திரிகை வைத்து யாரும் அழைத்ததில்லை என்றார். பன்னிரண்டு ஐந்துக்கே வருவதாகச் சொன்னார். மாசிலாமணி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார், அவ்வளவு நிறைவு.

மறுநாள் காலை பத்திரிகையைக் கன்னியம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அவள் பாதிவரை நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நேரம் வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உச்சிலயா?"

"ஆமா. நல்ல முகூர்த்தம்."

"ஏண்ணே, உச்சிவேளைல நெழலு எங்க கீது? காலை பூரா நான் வண்டிய இன்ச்சு இன்ச்சா கிழக்கால தள்ளிகினே போறனே, இன்னாத்துக்குன்னு நெனச்சே? பன்னெண்டுக்குப் பாத்தா என் நெழலே என் காலுக்கு அடில பூந்துக்கும். வூடே இல்லாத நெழலு எதுக்கு அடில போவும்? அந்த நேரத்துல கூட்டியாந்து இன்னா காட்டப் போறே, தகரத்தயா?"

மாசிலாமணி அப்படியே நின்றார். அவர் படுக்கையறை விழுந்திருந்த இடத்தில்தான் நின்றார், ஆனால் அது அப்போது அவருக்கு உதவியாக இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஏற்கனவே ஒருமுறை மாற்றிக் கொடுத்தாயிற்று, இனி மாற்றினால் அடுத்த கூட்டம் அடுத்த சித்திரையில்தான் என்று உதவியாளர் சொன்னார். அடுத்த சித்திரைக்குள் ஒரு மழைக்காலம் வரும்.

ஹபீபா டீச்சர் இதைக் கேட்டார். தன் வாசலில் நின்று, மூன்றடி தள்ளி நின்ற மாசிலாமணியைப் பார்க்காமல், நிதானமாகச் சொன்னார்: "கன்னியம்மா, அவர்கிட்ட சொல்லு. சென்னையில வருஷத்துல ரெண்டே ரெண்டு நாள்தான் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வரும், நட்ட கம்புக்கும் நிழல் இருக்காது. அந்த ரெண்டுல ஒரு நாள் இந்த வெள்ளிக்கிழமை. நேரம் பன்னிரண்டு ஏழு. முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள்ல அந்த ஒரு நிமிஷத்தைத் தேடிப் பிடிச்சு, தங்க எழுத்துல அடிச்சிருக்கார். நான் முப்பத்தி மூணு வருஷம் கணக்கு நடத்தினேன், இவ்வளவு துல்லியமா ஒரு தப்பான விடையை நான் திருத்தினதே இல்லை."

கன்னியம்மா திரும்பி, "கேட்டுச்சா?" என்றாள். கேட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. அழைத்தாயிற்று, வருகிறவர்களை மரியாதையாக அனுப்பவாவது வேண்டும் என்று தெரு மனதைத் தேற்றிக்கொண்டு, வாழைமரம் கட்டி, கோலம் போட்டு, பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் எடுத்து வைத்தது. வீடுகளுக்கு எனாமல் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தலாம் என்று எட்டாம் நம்பர்காரர் டப்பாவோடு கிளம்ப, டீச்சர் பிரஷ்ஷைப் பிடுங்கி அவரை உட்கார வைத்தார். பத்தரைக்கு நிழல் அருமையாக இருந்தது, ராகுகாலம் பிறக்கிற வேளையில் அப்படி ஒரு நிழல். பதினோரு மணிக்கு வேலிப் பக்கம் நகர்ந்தது. பதினொன்றரைக்குக் கலசங்கள் மட்டும் தெருவில் மிச்சமிருந்தன. கன்னியம்மா வண்டியைத் தள்ளித் தள்ளித் தகரத்தோடு ஒட்டிவிட்டாள். பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மூன்றாவது கலசத்தின் உடைந்த மூடி தகரத்துக்கு அடியில் நுழைந்து போயிற்று, மாசிலாமணி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ரயில் போனபிறகும் தண்டவாளத்தைப் பார்த்து நிற்கிறவர்போல.

சரியாகப் பன்னிரண்டு ஐந்துக்கு இன்பரசி மேடமும் இன்னும் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். கஜபதியும் வந்திருந்தார், முகத்தில் ஒரு பொறுமையோடு. மேடம் சந்தனம் தொட்டுக்கொண்டார், பன்னீர் வாங்கிக்கொண்டார், எட்டு, பத்து, பன்னிரண்டு என்று பார்த்துக்கொண்டே வந்து நீலத் தகரத்தின் முன்னால் நின்றார். அந்த நேரத்தில் விளக்குக் கம்பத்துக்கு நிழல் இல்லை, வாழைமரத்துக்கு இல்லை, மேடத்தின் குடையின் நிழல் குடைக்குக் கீழே அவர் தோளிலேயே கிடந்தது. ஒவ்வொருவர் நிழலும் அவரவர் காலடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. வீடுகளின் நிழல்கள் வீடுகளுக்கு அடியில் போயின.

பதினாலாம் நம்பரின் நிழலுக்கு அடியில் போவதற்கு வீடு இல்லை. மேற்கே படுக்க இடமில்லை, கிழக்கே படுக்க இன்னும் நேரம் வரவில்லை. படுக்க இடமில்லாதவர்கள் என்ன செய்வார்களோ அதையே அதுவும் செய்தது. எழுந்து நின்றது.

சத்தம் ஒன்றும் இல்லை. பாயிலிருந்து எழுகிற மனுஷி முதலில் ஒரு கையை ஊன்றுவதுபோல வலதுபக்கச் சுவர் பதினாறாம் நம்பரின்மேல் சாய்ந்து பிடித்துக்கொண்டது. மாசிலாமணியின் ஆணி அதன் அறைக்குள் போயிற்று, சொர்ணாம்பாளின் மாடம் அதன் சமையலறைக்குள் போயிற்று. தாழ்வாரம் விரிந்தது, கிராதி ஏறியது, கடைசியாகக் கலசங்கள் ஐந்தும் வரிசையில் நின்று, மூன்றாவது தன் மூடி உடைந்த தலையைக் காட்டியது. பழைய சுண்ணாம்பின் நிறம். தகர வேலி எங்கே போயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை, நாய்கள் மட்டும் வாசல்படியில் ஏறிப் படுத்தன.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைத் தள்ளினார். பூட்டியிருந்தது.

"யார் வீடு இது? திறங்க, அளக்கணும்."

"என்னுதுங்க" என்றார் கஜபதி. பத்திரம் அவர் பையிலேயே இருந்தது.

"சாவி?"

கஜபதி பையைத் துழாவினார். பட்டா இருந்தது, வரைபடம் இருந்தது, ஆறு மாடிக்கான மண் பரிசோதனைச் சீட்டு இருந்தது. அப்போது மாசிலாமணி முன்னால் வந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

"வீடு என்னுது இல்லைங்க மேடம். நான் வித்துட்டேன். நல்லா தெரிஞ்சேதான் வித்தேன்." இதைச் சொல்லும்போது அவர் மேடத்தைப் பார்க்கவில்லை, டீச்சர் நின்ற பக்கம் பார்த்தார். "சாவி மட்டும்தான் என்னுது."

இடதுபக்கம் ஒருமுறை அழுத்தி, பிறகு வலதுபக்கம் இரண்டு திருப்பு. அந்தப் பூட்டின் கிறுக்கு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கதவு திறந்தது.

டேப்பின் ஒரு முனையை மேடம் பிடிக்க, மறுமுனையை டீச்சர் பிடித்தார். கூடம், ரேழி, முற்றம், மாடிப்படி பதினேழு. மேடத்தோடு வந்த இரண்டு பேரும் எழுதினார்கள். கஜபதி ஓரமாக நின்று உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, இந்த மாதிரித் தேக்கு இப்போது வராது என்று தனக்குத்தானே சொன்னார். மாசிலாமணி ரேழியைத் தாண்டி உள்ளே போகவில்லை. ஒழுகுகிற இடத்துக்கு நேரே ஒரு பித்தளைப் பாத்திரம் வைத்தது வைத்தபடி இருந்தது, அதைக் கொஞ்சம் நகர்த்திச் சரியாக வைத்தார். வெளியே கன்னியம்மா தன் காலையே பார்த்துக்கொண்டு காவல் நின்றாள். அவள் கட்டைவிரலுக்குக் கிழக்கே உளுந்தளவு கறுப்பு எட்டிப் பார்த்ததும் குரல் கொடுத்தாள்: "நெழலு வெளிய வருது, எறங்குங்கோ, எறங்குங்கோ."

எல்லோரும் இறங்கி வந்தார்கள். மாசிலாமணி கடைசியாக வந்து, பழக்க தோஷத்தில் பூட்டி, இழுத்துப் பார்த்தார். வீடு பின்பக்கமாக, கிழக்கே, அலுப்போடு சாய்ந்து படுத்துக்கொண்டது. நீலத் தகரம் இருந்த இடத்தில் இருந்தது. மேடம் சிறிது நேரம் அதைப் பார்த்தார், பிறகு கோப்பைத் திறந்து, நின்றபடியே எழுதி, டீச்சருக்குக் காட்டினார். ஏழு வீடுகள், தொடர்ச்சியாக, இடையில் விடுபடாமல்.

ஆனி மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் முட்டுக் கொடுத்தார்கள், சிங்கப்பூர்க்காரர் விலை பேசுவதை நிறுத்தினார். கட்டுவதானால் கோப்பிலுள்ள அளவுப்படி பழைய வீட்டையே கட்டலாம் என்று கஜபதிக்குக் கடிதம். அவர் அந்த ஞாயிற்றுக்கிழமைக் குடும்பத்தின் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார், சுண்ணாம்பு அரைக்கிற ஆளையும். அவசரமில்லை என்கிறது தெரு. நிழல் தினமும் காலை ஏழே காலுக்கு வருகிறது. ஒரே ஒரு வித்தியாசம், மாடிக் கிராதியிலிருந்து நீளமாக ஒன்று தொங்கி ஆடுகிறது. இறங்குகிற அவசரத்தில் மேடம் விட்டுவிட்டு வந்த டேப். அரசாங்கப் பொருள், உடனடியாகத் திருப்பித் தரவும் என்று அலுவலகத்திலிருந்து இரண்டு நினைவூட்டுக் கடிதம் வந்துவிட்டது.

இரண்டாவது கடிதம் வந்த காலையில் ஹபீபா டீச்சர் ஒரு மோடாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி வந்து, நிழலில், மாசிலாமணிக்கு மூன்றடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். கையில் கணக்குப் போட்ட தாள். அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"நிழல் இல்லாத ரெண்டாவது நாள் ஆவணியில வருது. ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, பன்னிரண்டு பதிமூணு. அவங்க வந்து டேப்பை எடுத்துக்கட்டும். மாசிலாமணி, பத்திரிகை அடிங்க. இந்தத் தடவை நேரத்தை நான் சொல்றேன்."

மாசிலாமணியின் உதடு தானாக அசைந்தது. பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, செவ்வாயில் யாரும் பத்திரிகை வைப்பதில்லை. அதை அப்படியே விழுங்கிக்கொண்டார். பிறகு, பழக்கப்படி, கன்னியம்மாவின் பக்கம் திரும்பி, அவள் எடுத்துச் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

கன்னியம்மா ஒரு சட்டையை மடித்து முடித்து அடுத்ததை உதறினாள்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குறே? உன்னாண்டதான் பேசுறாங்க."